பதினெட்டாவது பொட்டு

பிப்ரவரி 5, புதன்

காலை வழிபாட்டுக் கூட்டத்தில் புதன்கிழமை செய்தி வாசிப்பது எங்கள் ஒன்பதாம் வகுப்பு. வாசிப்பது நான். இன்று மூன்றாவது செய்தி எங்கள் வீட்டுச் செய்தி. செய்தித்தாளில் இப்படி இருந்தது: "லாரி பட்டறை உரிமையாளர் அங்கமுத்து சொந்தமாக விமானம் தயாரித்துள்ளார். வரும் 16ஆம் தேதி அதில் முதன்முறையாகப் பறக்கிறார்."

நான் அப்படி வாசிக்கவில்லை. "அங்கமுத்துவும் அவர் மனைவி வசுமதியும் ஆறு ஆண்டுகள் உழைத்து ஒரு விமானம் கட்டியிருக்கிறார்கள். 16ஆம் தேதி வசுமதி அதை ஓட்டிச் சோதிக்கிறார்" என்று வாசித்தேன்.

கூட்டம் கலைந்ததும் தமிழம்மா கூப்பிட்டார்.

"பேப்பர்ல அப்படியா போட்டிருக்கு?"

"இல்லைங்க டீச்சர். பேப்பர்ல தப்பாப் போட்டிருக்கு."

"பேப்பர்ல வந்தாத்தான் செய்தி. உங்க வீட்டுக் கதையைச் சேர்க்கிறதுக்கு இது இடமில்ல, நித்திலா."

தப்பைத் தப்பாகவே வாசித்தால் நல்ல பிள்ளை. திருத்தி வாசித்தால் அதிகப்பிரசங்கி. எந்த ஊர் நியாயம்?

அந்த நிருபர் ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு வந்தபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். அம்மாவிடம் அவர் கேட்ட ஒரே கேள்வி, "உங்க வீட்டுக்காரர் பறக்கும்போது உங்களுக்குப் பயமா இருக்காதுங்களா?"

அம்மா சொன்னார்: "அவர் ஓட்டினா ரொம்பப் பயமா இருக்குங்க. அவருக்கு ஓட்டத் தெரியாது."

நிருபர் சிரித்தார். எழுதிக்கொள்ளவில்லை.

நாளை யாராவது இதைப் படிக்கக்கூடும் என்பதால் உண்மையை இங்கே எழுதி வைக்கிறேன். அம்மா கோவையில் கல்லூரியில் படித்தபோது என்.சி.சி. விமானப் பிரிவில் இருந்தார். பிறகு பயிற்சி நிலையத்தில் சேர்ந்து உரிமம் வாங்கினார். இதுவரை இருநூற்றுப் பத்து மணி நேரம் ஓட்டியிருக்கிறார். உரிமம் காலாவதியாகாமல் இருக்க இன்றும் வெளியூர் போய் ஓட்டிவிட்டு வருகிறார். அப்பாவுக்கு மாரியம்மன் நோன்பித் திருவிழா ராட்டினத்தில் ஏறினாலே வாந்தி வரும். இரும்பு, அலுமினியம், ரிவெட் எல்லாம் அப்பா. வரைபடம், கணக்கு, இறக்கைத் துணி, ஓட்டுவது எல்லாம் அம்மா. பெயர் வைத்ததும் அம்மா: கரிச்சான். பருந்தையே துரத்தும் சின்னக் கருங்குருவி.

பிப்ரவரி 7, வெள்ளி

கரிச்சானை எடை போட்டோம். பெரியப்பாவின் கோழிப்பண்ணையிலிருந்து தீவனம் நிறுக்கும் மூன்று தராசுகள் வந்தன. மூன்று சக்கரத்துக்கும் ஒவ்வொன்று. எடை நடுப்புள்ளி எங்கே விழுகிறது என்று நான் கணக்குப் போட்டேன். இரண்டு தடவை போட்டும் ஒரே விடை.

அம்மா என் தாளை வாங்கி, திருப்பி வைத்துவிட்டு, புதுத் தாளில் தானே முதலிலிருந்து போட்டார். அதே விடை. "சரியா இருக்கு கண்ணு" என்றார்.

சரியாக இருக்கிறது என்று நான்தான் முன்பே சொன்னேனே!

எனக்கென்று தரப்பட்ட வேலை ஒன்றே ஒன்று. இடது இறக்கையின் கீழே ஒரு சாண் நீளத்துக்கு மெல்லிய குழாய் ஒன்று முன்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும். ஓடும்போது அதன் வாயில் காற்று மோதும். எவ்வளவு வலுவாக மோதுகிறதோ அவ்வளவுக்கு வேகமானியின் முள் ஏறும். குளவி உள்ளே கூடு கட்டிவிடும் என்பதற்காக அதற்கு ஒரு துணி உறை உண்டு. தைத்தது நான். தொங்கும் சிவப்பு ரிப்பன் என் பழைய சடை ரிப்பன். எல்லாரும் விலகிப் போன பிறகு, கடைசியாக, உறையைக் கழற்றி அம்மாவிடம் காட்ட வேண்டும். பரிசோதனைப் பட்டியலில் அது பதினான்காவது வரி.

அதையும் அம்மா குனிந்து ஒரு தடவை பார்ப்பார்.

பிப்ரவரி 9, ஞாயிறு

மேட்டுக்காட்டில் ஓட்டிப் பார்த்தோம். மேட்டுக்காடு பெரியப்பாவின் மானாவாரி நிலம். அறுநூற்றைம்பது மீட்டருக்குச் சமப்படுத்தி, ரோலர் விட்டு, ஓடுபாதையாக்கியிருக்கிறோம். கரிச்சான் தரையை விடாமல் மேலும் கீழும் ஒன்பது தடவை ஓடியது. வேகமானி, எஞ்சின் சூடு, பிரேக் எல்லாவற்றையும் அம்மா உரக்கச் சொல்லச் சொல்ல நான் குறித்தேன்.

பெரியப்பா நாச்சிமுத்து புல்லட்டில் வந்து இறங்கினார். அப்பாவின் அண்ணன். நிலம் அவருடையது என்பதை யாரும் மறந்துவிடாதபடி பார்த்துக்கொள்வார்.

"ஏம்ப்பா அங்கமுத்து, இந்தச் சத்தத்துல என் கோழியெல்லாம் முட்டையை உள்ளயே வெச்சுக்குது."

"சாயங்காலம் சரியாயிரும்ணா."

"நாள் குறிச்சாச்சா? நல்ல நேரத்துல எடுக்கோணும். பூசணிக்காய், சந்தனம், சால்வை எல்லாம் நான் பார்த்துக்கறேன்."

"மாமா, காத்து இல்லாதப்ப எடுக்கணும். ஆறரைக்கெல்லாம் கிளம்பிட்டா நல்லது" என்றார் அம்மா.

"அதெல்லாம் ஆம்பளைங்க பேசிக்கறோம் அம்மிணி."

ஓட்டப் போவது அம்மா. எப்போது ஓட்டுவது என்பதை மட்டும் ஆம்பளைங்க பேசிக்கொள்வார்களாம். அம்மா எஞ்சின் மூடியைத் திருகினார். அப்பா டயரை அமுக்கிப் பார்த்தார். இந்த வீட்டில் கோபப்படுகிற வேலை முழுவதையும் நான் ஒருத்திதான் செய்ய வேண்டியிருக்கிறது.

பிப்ரவரி 12, புதன்

பேப்பரில் உள்ளபடியே வாசித்தேன். போதுமா?

பிப்ரவரி 14, வெள்ளி

அம்மாவுடன் சண்டை. நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

பதினான்கு வரிப் பரிசோதனையை ஒத்திகை பார்த்தோம். கடைசியில் அம்மா, "உறை?" என்றார். "கழற்றியாச்சு" என்று ரிப்பனை ஆட்டிக் காட்டினேன். அம்மா இறங்கி, இறக்கையைச் சுற்றி வந்து, குழாய்க்கு முன்னால் குனிந்து பார்த்தார்.

"கையில உறையைக் காட்டறேன். அப்புறமும் எதுக்கு வந்து பார்க்கறீங்க?"

"பழக்கம் கண்ணு."

"பழக்கம் இல்லை. என் மேல நம்பிக்கை இல்லை. கணக்கையும் மறுபடி போட்டீங்க. நான் என்ன சின்னக் குழந்தையா? பெரியப்பா உங்களை நம்பலைன்னா எனக்கு எவ்வளவு கோபம் வருது! நீங்களே என்னை நம்பலைன்னா?"

அழுகை வந்துவிட்டது. வரக் கூடாத நேரத்தில்தான் வரும்.

அம்மா என் கண்ணைத் துடைத்துவிட்டார். "சரி, நம்பறேன்" என்றார்.

வென்றேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு, காலை 5 மணி

காற்று இல்லை. தென்னை ஓலை ஒன்றுகூட அசையவில்லை. அம்மா இரண்டு இட்லி சாப்பிட்டார். எனக்கு இறங்கவில்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு, மாலை

அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. முகவாயில் நான்கு தையல். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

ஆறு மணிக்கே அம்மா கரிச்சானைச் சுற்றிப் பரிசோதித்து முடித்தார். ஆறரைக்குக் கிளம்பியிருக்க வேண்டும். பெரியப்பா விடவில்லை. "ஏழரைக்கு மேலதான் நல்ல நேரம்" என்றார். முந்நூறு பேர் வந்துவிட்டார்கள். ஐஸ் வண்டிகூட வந்தது. நிருபர் வந்தார். அப்பாவுக்குச் சால்வை போட்டார்கள். அம்மாவுக்குப் போட இன்னொரு சால்வை கொண்டுவரவில்லை. ஏழே முக்காலுக்குச் சோளத்தட்டு அசைய ஆரம்பித்தது. எட்டு மணிக்குக் காற்று நன்றாக வீசியது. அம்மா மூன்று தடவை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் எண்ணினேன்.

பிறகு பூஜை. "பொட்டு வெக்கறது பொம்பளப் புள்ளை வேலை. வா அம்மிணி" என்று பெரியப்பா என்னைக் கூப்பிட்டுச் சந்தனக் கிண்ணத்தைக் கையில் கொடுத்தார். அறிவியல் மன்றச் செயலாளர் நான். முந்நூறு பேருக்கு முன்னால் விமானத்துக்குப் பொட்டு வைத்தேன். சந்தனம் வேறு கூழ்போல் தண்ணீராக இருந்தது. சக்கரம் மூன்று, உந்துவிசிறி அலகு இரண்டு, கதவு இரண்டு, வாலில் மூன்று, மூக்கில் ஒன்று, இறக்கை நுனி இரண்டு, இறக்கையைத் தாங்கும் கம்பிகள் நான்கு. கூட்டினால் பதினேழு. பதினேழு பொட்டு வைத்தேன்.

பூசணிக்காய் உடைத்தார்கள். கூட்டத்தை அப்பா கயிற்றுக்குப் பின்னால் தள்ளினார். அம்மா ஏறி உட்கார்ந்தார்.

"உறை?"

"கழற்றியாச்சு."

அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். இறங்கவில்லை. கதவைச் சாத்தினார். அந்த நிமிடம் எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது!

கரிச்சான் ஓடியது. பாதிப் பாதையைத் தாண்டியும் ஓடியது. பிறகு சக்கரத்துக்கும் தரைக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. அதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஆறு வருடமாகப் பட்டறையில் என் தலைக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்த துணியும் குழாயும், அம்மாவைத் தூக்கிக்கொண்டு பனைமரங்களுக்கு மேலே போயின. கூட்டம் கத்தியது. அப்பா கத்தவில்லை. உட்கார்ந்துவிட்டார்.

மூன்று சுற்று சுற்ற வேண்டும் என்பது திட்டம். அம்மா ஒரே சுற்றில் திரும்பினார். இறங்கும்போது வேகம் அதிகம் என்பது எனக்கே தெரிந்தது. பாதி ஓடுபாதையைத் தாண்டித்தான் சக்கரம் தரையைத் தொட்டது. பிரேக் பிடித்த தூசியில் கரிச்சான் மறைந்தது. கடைசியில் இருந்த வரப்பில் மோதிய சத்தம் மட்டும் கேட்டது.

முன்சக்கரக் கால் மடங்கிவிட்டது. உந்துவிசிறியில் ஓர் அலகு உடைந்துவிட்டது. தூசி அடங்கியபோது அம்மா கதவைத் திறந்து தானே இறங்கினார். முகவாயிலிருந்து ரத்தம் துப்பட்டாவில் சொட்டியது.

அப்பா, "ஏன் வசு அவ்வளவு வேகமா வந்தே?" என்றார்.

"முள் சரியாக் காட்டலை. மெதுவா வந்தா உயிர் போகும். வேகமா வந்தா சக்கரம் போகும். சக்கரம் போகட்டும்னு வந்தேன்."

இந்தப் பதிலை அந்த நிருபர் எழுதிக்கொண்டாரா? இல்லை. உடைந்த விசிறியைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். கயிற்றுக்குப் பின்னால் ஒருவர் சத்தமாகச் சொன்னார்: "ஸ்கூட்டர்லயே காலைத் தேச்சுக்கிட்டுத்தான் நிறுத்துதுங்க. இதுல ஏரோபிளேனு!" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பத்து நிமிடம் முன்பு ஆரவாரம் செய்த அதே வாய்கள்.

பிப்ரவரி 17, திங்கள்

"பதறிய பெண் விமானி! வரப்பில் மோதியது வீட்டு விமானம்."

பறக்கிற வரைக்கும் அது அப்பாவின் விமானம். மோதியதும் அம்மாவின் விமானம். ஒரே நாளில் பட்டா மாற்றிவிட்டார்கள்!

செய்தித்தாளை நறுக்கி இங்கே ஒட்டியிருக்கிறேன். "பதறிய" என்ற சொல்லைச் சிவப்பு மையில் அடித்திருக்கிறேன்.

பிப்ரவரி 18, செவ்வாய்

பள்ளியிலிருந்து நேராகப் பட்டறைக்குப் போனேன். அம்மா குழாயைக் கழற்றி மேசையில் வைத்து, மெல்லிய கம்பியால் உள்ளே துழாவிக்கொண்டிருந்தார். குழாயின் வாயிலிருந்து சுண்ணாம்புக்கட்டி போலக் காய்ந்த மஞ்சள் துண்டு ஒன்று உதிர்ந்தது. அம்மா அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். முகர்ந்தார். நிமிர்ந்தபோது நான் நிற்பதைப் பார்த்தார்.

"வெளிச்சத்தை மறைக்காதே கண்ணு. நகந்து நில்லு" என்றார்.

துண்டை ஒரு காகிதத்தில் மடித்து வைத்தார்.

பிப்ரவரி 19, புதன்

தொண்டை வலி என்று சொல்லிவிட்டேன். செய்தியை வேறொருத்தி வாசித்தாள்.

தொண்டை வலிக்கவில்லை.

பிப்ரவரி 21, வெள்ளி

பெரியப்பா எங்கள் வீட்டுக்கு வந்து தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார்.

"ஓசூர்ல ஒருத்தர் இருக்காரு. ரிட்டயர்டு. முப்பது வருசம் ஏரோபிளேன் ஓட்டினவரு. சரி பண்ணி அவர்கிட்டக் குடுங்க. வசுமதி இனி அதுல ஏற வேண்டாம். ஏறித்தான் ஆகோணும்னா என் காட்டுல வேண்டாம். உழுது சோளம் விதைச்சர்றேன்."

அப்பா, "யோசிச்சுச் சொல்றேனுங்ணா" என்றார். யோசிக்க என்ன இருக்கிறது? அம்மாவைப் பார்த்தேன். இப்போதாவது கேட்பார் என்று நினைத்தேன். நல்ல நேரம் நல்ல நேரம் என்று காற்று எழும் வரைக்கும் நிறுத்தி வைத்தது யார் என்று கேட்டிருக்கலாம்.

"தப்பு என்னுதுதானுங்க மாமா" என்றார் அம்மா.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. பெரியப்பா போன பிறகு அம்மாவின் மேசையில் விமான அனுமதி அலுவலகத்துக்கு அனுப்ப எழுதிவைத்த அறிக்கையைப் படித்தேன். பிறர் கடிதத்தைப் படிப்பது தவறு என்று தெரியும். படித்தேன்.

"காரணம்: வேகமானிக் குழாயில் அடைப்பு. முள் தரையோட்டத்தில் எழவில்லை. மேலே ஏற ஏற, இல்லாத வேகத்தைக் காட்டியது. இறங்கும்போது சுழியத்தை நோக்கி விழுந்தது. புறப்படும் முன் குழாயை நேரில் பார்க்காதது விமானியின் தவறு. முள் எழாததைக் கண்டும் ஓட்டத்தை நிறுத்தாதது விமானியின் தவறு."

எதனால் அடைத்தது என்று ஒரு வார்த்தை இல்லை. எதனால் என்று எழுதினால் யாரால் என்று கேட்பார்கள்.

எனக்கு யார் மேல் கோபம் என்று தெரியவில்லை. பெரியப்பா மேல், நிருபர் மேல், ஸ்கூட்டர் பற்றிப் பேசியவர் மேல், அப்பா மேல், அம்மா மேல். இவ்வளவு பேர் மேல் கோபப்பட்டும் கோபம் மிச்சம் இருக்கிறது.

பிப்ரவரி 22, சனி

பதினெட்டு.

சக்கரம் மூன்று, விசிறி இரண்டு, கதவு இரண்டு, வால் மூன்று, மூக்கு ஒன்று, இறக்கை நுனி இரண்டு, கம்பி நான்கு. அது பதினேழு. முடித்துக் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். பெரியப்பா, "முன்னால கொம்பு மாதிரி நீட்டிக்கிட்டிருக்கே, அதுக்கு வெக்கலையா?" என்றார். "அதுக்கு உறை போட்டிருக்குங்க பெரியப்பா" என்றேன். "துணிக்கா பொட்டு வெப்பாங்க? துணியை எடு. படிச்ச புள்ளைக்கு இதுகூடத் தெரியலை" என்றார். கூட்டம் சிரித்தது.

அது என்ன குழாய் என்று அந்த முந்நூறு பேரில் தெரிந்தவர்கள் மூன்றே பேர். அப்பா சால்வையோடு படத்துக்கு நின்றுகொண்டிருந்தார். அம்மா காற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது ஆள் நான்.

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சிரித்தார்களே என்ற கோபத்தில் வெடுக்கென்று உறையை உருவி, விரலைக் கிண்ணத்தில் முக்கி, குழாயின் நுனியில் ஒரே அழுத்தாக அழுத்தினேன். பக்கவாட்டில்தான் வைத்தேன் என்று ஆறு நாளாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கவாட்டில் இல்லை. வாயில். விரல் நுனியில் குழாயின் வட்டம் பதிந்ததை உணர்ந்தேன்.

அதற்குப் பிறகு, "கழற்றியாச்சு" என்றேன். உண்மைதான். உறையைக் கழற்றியிருந்தேன்.

அம்மா இறங்கி வந்து பார்க்காததற்குக் காரணம் பதினான்காம் தேதி நான் அழுதது.

பிப்ரவரி 23, ஞாயிறு

அம்மா இறக்கைத் துணிக்குப் பசை தடவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன். "அம்மா, அந்தக் குழாய்ல..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்."

"ஏன் யார்கிட்டயும் சொல்லலை?"

"நீ பொட்டு வெச்சே. பார்க்காம ஏறினது நான். முள் எழலைன்னு தெரிஞ்சதும் நிறுத்தியிருக்கணும். முந்நூறு பேர் பார்க்கறாங்களேன்னு நிறுத்தலை. நீயும் அந்த முந்நூறு பேருக்காகத்தானே வெச்சே?"

நான் தலையாட்டினேன்.

"அப்ப ரெண்டு பேரும் ஒரே தப்பைத்தான் பண்ணியிருக்கோம். பிரஷ்ஷைப் பிடி. இந்த ஓரத்தைத் தடவு."

இது நியாயமே இல்லை. திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். முகவாய்த் தையலோடு, ஒரு சொல்கூடக் கடியாமல் பிரஷ்ஷைக் கொடுத்தால் நான் என்ன செய்வது?

பிப்ரவரி 24, திங்கள்

பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஜெராக்ஸ் கடை மாடியில் நிருபர் உட்கார்ந்திருப்பார். பள்ளி விட்டதும் போனேன். எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். டீ வாங்கித் தரட்டுமா என்றார். வேண்டாம் என்றேன்.

"பாப்பா, பூஜை பண்ணினதால விபத்துன்னு போட்டா ஊர்ல என்னை உதைப்பாங்க."

"பூஜையால இல்லைங்க. என்னால."

"உன்னாலன்னா அது செய்தியே இல்லையே."

"பெண் விமானி பதறினாங்கன்னு போட்டீங்களே, அது செய்தியா? அவங்க பதறவே இல்லைங்க. பதறியிருந்தா இறந்து போயிருப்பாங்க."

"அது போன வாரச் செய்தி. ஆறிப்போச்சு. நல்லாப் படி, போ."

பொய் சூடாக விற்கும். உண்மை வந்து சேர்வதற்குள் ஆறிப்போகுமாம்.

பிப்ரவரி 26, புதன்

இன்று தொண்டை வலி இல்லை.

உலகச் செய்தி ஒன்று, தமிழகச் செய்தி ஒன்று வாசித்தேன். பிறகு செய்தித்தாளை மடித்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து என் தாளை எடுத்தேன்.

"உள்ளூர்ச் செய்தி. கடந்த 16ஆம் தேதி மேட்டுக்காட்டில் நடந்த விமான விபத்துக்கு விமானி வசுமதியின் பதற்றம் காரணம் அல்ல. வேகமானிக் குழாயின் வாயில் சந்தனம் அடைத்திருந்தது. முள் பொய் சொன்னபோதும் விமானி அதை நம்பாமல், எஞ்சின் சத்தத்தைக் கொண்டே வேகத்தைக் கணித்துத் தரையிறங்கினார். உறையைக் கழற்றிச் சந்தனம் வைத்தவர், அது என்ன குழாய் என்பதை நன்றாக அறிந்தவர். அவர் விமானியின் மகள், ஒன்பதாம் வகுப்பு ஆ பிரிவு மாணவி அ. நித்திலா. செய்திகள் முடிந்தன."

எழுநூறு பேர். எட்டாம் வகுப்பு வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அங்கிருந்து பரவியது. நான் மேடையை விட்டு இறங்கவில்லை. நாட்டுப்பண் முடியும் வரை நின்றேன்.

தமிழம்மா கூப்பிட்டார்.

"இது எந்தப் பேப்பர்ல வந்துச்சு?"

"எதுலயும் வரலைங்க டீச்சர்."

அவர் என் தாளை வாங்கி முழுவதும் படித்தார். திருப்பிக் கொடுத்தார்.

"கடைசி வரியில உன் பேர் வர்ற இடத்துல குரல் இறங்கிடுச்சு. செய்தி வாசிக்கிறவங்க குரல் எங்கயும் இறங்கக் கூடாது."

"சரிங்க டீச்சர்."

மதியத்துக்குள் எனக்குச் "சந்தனம்" என்று பெயர் வைத்துவிட்டார்கள். வைத்துக்கொள்ளட்டும்.

பிப்ரவரி 27, வியாழன்

எழுநூறு பேர் எழுநூறு வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். செய்தித்தாளைவிட வேகம். முட்டை லாரி ஓட்டுநர் சொல்லி, பெரியப்பாவுக்கும் தெரிந்துவிட்டது. புல்லட் சத்தம் கேட்டதும் அப்பா எழுந்து நின்றார்.

"சாமிக்கு வெச்ச சந்தனத்தைக் குறை சொல்றியா அம்மிணி?"

"சந்தனத்தைச் சொல்லலைங்க பெரியப்பா. என் விரலைச் சொன்னேன்."

அவர் உட்கார்ந்தார். அம்மா மோர் கொண்டுவந்து வைத்தார். அதை அவர் தொடவில்லை. "துணியை எடுன்னு சொன்னது நான்தானே? அதை ஏன் வாசிக்கலை?" என்றார்.

"அது உங்க செய்திங்க. நீங்கதான் வாசிக்கணும்."

அப்பா, "நித்திலா!" என்றார். இந்த வீட்டில் அப்பாவுக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அதுவும் என் மேல்தானா வர வேண்டும்?

பெரியப்பா கையமர்த்தினார். மோரைக் குடித்தார். "எனக்கு அது என்ன குழாய்னு தெரியாது அம்மிணி. சாமி சத்தியமாத் தெரியாது" என்றார். அம்மாவின் முகவாயைப் பார்த்தார். அம்மா பார்த்ததும் கண்ணை எடுத்துக்கொண்டார். கிளம்பிப் போய்விட்டார்.

ஓசூர்க்காரரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

மார்ச் 4, செவ்வாய்

உழ டிராக்டர் வரவில்லை. வரப்பை மட்டும் யாரோ ஆள் வைத்து வெட்டி, ஓடுபாதையை இன்னும் அறுபது மீட்டர் நீட்டியிருக்கிறார்கள். யார் என்று அப்பா கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

முன்சக்கரக் கால் புதிதாகப் பொருத்தியாயிற்று. புது விசிறியும் வந்துவிட்டது. பரிசோதனைப் பட்டியலை அம்மா என்னையே திருத்தி எழுதச் சொன்னார். பதினான்காவது வரி இப்போது இப்படி: "உறையைக் கழற்று. குழாயின் வாயை இருவர் தனித்தனியே பார்க்க வேண்டும்." நாளை ஆண்டுத் தேர்வு அட்டவணை வரும். வரட்டும்.

மார்ச் 16, ஞாயிறு

ஆறு மணி இருபது நிமிடம். காற்று இல்லை. அம்மா, அப்பா, நான், தீயணைப்புக் குடுவை. வேறு யாரும் இல்லை என்று நினைத்தோம். புல்லட் வந்தது.

பெரியப்பா கையில் சந்தனக் கிண்ணம். அதைக் கண்டதும் நான் குழாய்க்கு முன்னால் போய் நின்றேன். அவர் கயிறு கட்டியிருந்த இடத்திலேயே நின்றுகொண்டார்.

"இன்னிக்கு நல்ல நேரம் எப்பன்னு நான் பார்க்கலை வசுமதி. நீ சொல்றதுதான்." பிறகு என்னிடம், "எங்க வெக்கலாம்னு நீயே சொல்லு அம்மிணி" என்றார்.

அம்மாவைப் பார்த்தேன். அம்மா தலையாட்டினார். பெரியப்பாவை அழைத்துப்போய் முன்சக்கரத்தைக் காட்டினேன். குனிந்து, டயரில் ஒரே ஒரு பொட்டு வைத்தார். கிண்ணத்தை மூடிக்கொண்டு கயிற்றுக்குப் பின்னால் போய் நின்றார். பின்னாலிருந்து, "கோழியெல்லாம் பழகிருச்சு. பயப்படாம ஓட்டு" என்றார்.

அம்மா ஏறி உட்கார்ந்தார். எஞ்சின் இன்னும் போடவில்லை.

"உறை?"

நான் கழற்றினேன். குனிந்து குழாயின் வாயைப் பார்த்தேன். உள்ளே வட்டமாகச் சுத்தமான இருட்டு. ரிப்பனைத் தூக்கிக் காட்டினேன்.

"கழற்றியாச்சு. பார்த்தாச்சு."

"நானும் பார்க்கறேன்" என்று அம்மா இறங்கினார். இறக்கையைச் சுற்றி வந்தார். நான் நின்ற இடத்திலேயே நின்று, நான் குனிந்த மாதிரியே குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். நான் விலகி, வெளிச்சத்தை மறைக்காமல் நின்றேன்.

"சரியா இருக்கு கண்ணு" என்றார்.

எனக்குக் கோபம் வரவில்லை.

மூன்று சுற்று. பதினெட்டு நிமிடம். முள் சரியாக ஏறியது, சரியாக இறங்கியது என்று அம்மா சொன்னார். பாதையின் முதல் கால் பகுதியிலேயே சக்கரம் தரையைத் தொட்டது.

நிருபர் வரவில்லை. புதன்கிழமை நான் வாசித்துக்கொள்கிறேன்.